காசில்லாத பொழுதுபோக்கு: பறவை பார்ப்போம் வாங்க!
(வானொலி உரை)



பொழுதுபோக்கு என்ற வார்த்தையைக் கேட்டதுமே உங்களில் பல பேர் சிரிப்பீங்க. "விடிஞ்சா மாடு, பொழுது ஏறினா வயல், இருட்டினா மோட்டார் கொட்டகை. இதிலே பொழுது எங்கேங்க போகாம கிடக்குது, நாங்க போக்குறதுக்கு?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனால் வருஷம் 365 நாளும் அப்படியேவா இருக்கிறது? நடவு முடிந்து களை எடுக்கும் வரை கொஞ்சம் கை ஓய்கிறது. அறுவடை முடிந்து கோடை மழை வரும் வரை இன்னும் கொஞ்சம் ஓய்கிறது. அந்த நாட்களில் பொழுது எங்கே போகிறது? டீக்கடை பெஞ்சு, சீட்டுக்கட்டு, கைப்பேசி, சில பேருக்குச் சாயங்காலமானால் மதுக்கடை. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் பையிலே காசும் இருக்காது, மனசிலே நிம்மதியும் இருக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், அவர்கள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாறிலோ அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். பேரன் பேத்தி பிறந்தது, கண் ஆபரேஷன் என்று நீங்களும் போய்ப் பத்து நாள் தங்குறீங்க. மூன்றாம் நாளே கால் பரபரக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாலு சுவர், ஒரு டி.வி. "ஊருக்கே போயிடறேம்ப்பா" என்று பையைத் தூக்கிவிடுகிறீர்கள். இல்லீங்களா?

இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நாலு கேள்வி கேளுங்க

புதிதாகப் பொழுதுபோக்கு ஒன்றைத் தொடங்குகிறவர் முதலில் நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, தொடங்க எவ்வளவு பணம் ஆகும்? இரண்டு, தொடர்ந்து செய்ய மாசா மாசம் செலவு உண்டா? மூன்று, வேலை வந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? நாலு, ஊரிலும் செய்யலாமா, வெளியூர் போனாலும் செய்யலாமா?

மீன்தொட்டி வைத்தால் அழகுதான். ஆனால் தொட்டி, மோட்டார், தீனி என்று செலவு வந்துகொண்டே இருக்கும். ஊரில் இல்லாவிட்டால் மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். புறா வளர்த்தாலும் அதே கதைதான். தபால்தலை சேர்க்கலாம், அதற்குக் கிடைக்கும் இடம் தெரிய வேண்டும். மாடித்தோட்டம் பட்டணத்துக்காரருக்குப் பொழுதுபோக்கு. நமக்கு அது வயல்வேலையின் தம்பி!

நாலு கேள்விக்கும் நல்ல பதில் சொல்லுகிற பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் பறவை பார்த்தல். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், இரண்டு கண். முதலீடு அவ்வளவுதான். தீனி போட வேண்டாம், கூண்டு வேண்டாம். வேலை வந்தால் நோட்டை மூடிவிட்டு எழுந்து போகலாம். வயல் வரப்பிலும் செய்யலாம், மகன் வீட்டுப் பால்கனியிலும் செய்யலாம். வேற எந்தப் பொழுதுபோக்குக்கும் இல்லாத ஒரு லாபமும் இதில் உண்டு. இது உங்கள் பயிருக்கே உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் ஐந்தே ஐந்து பறவை போதும். காக்கை, மைனா, சிட்டுக்குருவி, கொக்கு, கரிச்சான். கரிச்சானைச் சில ஊரில் ரெட்டைவால் குருவி என்பார்கள். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்காதீங்க. தெரிந்த பறவையில் தொடங்கினால்தான் தெரியாத பறவை பிடிபடும்.

புதுப் பறவை ஒன்றைப் பார்த்ததும் பெயரைத் தேடி அவசரப்பட வேண்டாம். நாலு விஷயத்தை மனதில் பிடியுங்க. அளவு என்ன? சிட்டுக்குருவி, மைனா, காக்கை இந்த மூன்றையும் படி, மரக்கால் மாதிரி அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்க. "மைனாவை விடப் பெரிசு, காக்கையை விடச் சின்னது" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது மூக்கு: குட்டையா, நீளமா, கீழே வளைந்ததா? மூன்றாவது வால். நாலாவது, அது என்ன செய்கிறது? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, கம்பியில் உட்கார்ந்து பாய்கிறதா?

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். ஓடைக்கரையில் மண் நிறத்தில் ஒரு கொக்கு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போகிற வரை கண்ணுக்கே தெரியாது. எழுந்து பறந்தால் திடீரென்று வெள்ளை வெளேரென்று இருக்கும். அதுதான் மடையான் என்கிற குளத்துக்கொக்கு. சிறகு மடக்கினால் ஒரு நிறம், விரித்தால் வேறு நிறம். குயிலில் ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. பல பேர் இதை இரண்டு ஜாதிப் பறவை என்றே நினைத்திருப்பார்கள். மாட்டோடு மேய்கிற உண்ணிக்கொக்கு வருஷத்தில் பாதி நாள் சுத்த வெள்ளை. முட்டை வைக்கும் பருவத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகும்.

நேரம் என்று பார்த்தால் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை, சாயங்காலம் நாலரை மணிக்கு மேல். நீங்கள் வயலில் இருக்கிற நேரமும் அதுதான். ஒரே இடத்தில் கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்க. பத்து இடம் ஓடிப் பார்ப்பதை விட ஒரே இடத்தைப் பத்து நாள் பார்ப்பது மேல்.

பிறகு நோட்டில் எழுதுங்க. தேதி, நேரம், இடம், பறவை, எத்தனை, என்ன செய்தது, வானம் எப்படி. இவ்வளவு போதும். உதாரணம் சொல்கிறேன்: "தை 5. காலை 6.40. ஏரிக்கரை. கரிச்சான் 3, கரண்டுக் கம்பியில். பத்து நிமிஷத்தில் ஒன்று எட்டு முறை இறங்கிப் பூச்சி பிடித்தது. பனி." எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். அதில் இருவருக்கும் லாபம்.

பைனாகுலர் வாங்க வேண்டுமா என்று கேட்பீங்க. இப்போது வேண்டாம். ஆறு மாதம் நோட்டு எழுதிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் 'மெர்லின்' என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் அது சொன்னதே வேதம் என்று இருந்துவிடாமல், கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதுங்க.

மயிலாப்பூரில் இருந்த ஒரு மனிதர்

"இதெல்லாம் காட்டுக்குள் போகிறவங்க வேலை, பணக்காரங்க வேலை" என்று நினைப்பவர்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன் என்பது பெயர். 1912-இல் பிறந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூரில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் இயற்கை பற்றிய ஒரு பத்தி தொடங்கி, 1996-இல் காலமாகும் வரை எழுதினார். 46 வருஷம்! தமிழிலும் எழுதினார். 1970-இல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

யானைக் காட்டுக்கும் போனவர்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்துக் காக்கையும், மைனாவும், அணிலும், தெருவில் மேயும் ஆடும் கூட அவருக்கு எழுத விஷயம் தந்தன. விலை உயர்ந்த கருவிகளை அவர் தேடிப் போகவில்லை. பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திய காமிராவில் படம் எடுத்தார். அவருக்கு இருந்த பெரிய சொத்து பொறுமையும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கமும்தான். அந்த இரண்டும் உழவனிடம் இல்லையா? விதை போட்டுவிட்டு முளைக்கும் வரை காத்திருக்கிறவனுக்கு யாரும் பொறுமையைச் சொல்லித்தர வேண்டாம்.

சென்னை போனால் எங்கே பார்ப்பது?

இனி, மகன் வீட்டுக்குப் போகும்போது பையில் அந்த நோட்டையும் எடுத்துப் போங்க.

மயிலாப்பூரில் இறங்கினால் கபாலீசுவரர் கோவில் குளக்கரையில் காலையில் உட்காருங்க. கோபுரத்தில் மாடப்புறா, மேலே வட்டமிடும் பருந்து. லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். நீங்கள் மரத்தடிப் பெஞ்சில் காது கொடுத்து உட்காருங்க. கன்னான் பட்டறையில் சுத்தியல் தட்டுவது போல 'டுக், டுக், டுக்' என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டால், அது குக்குறுவான். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

தியாகராய நகர் என்றால் ஜவுளிக்கடை, நகைக்கடை என்று மட்டும் நினைக்கிறோம். உழவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி ஒன்று உண்டு. அந்த இடம் ஒரு காலத்தில் பெரிய ஏரி. 1920-களில் ஏரித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அங்கே நகரம் அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் 'லேக் வியூ ரோடு' என்று தெரு இருக்கிறது. ஏரி இல்லை, ஏரியின் பெயர் மட்டும் இருக்கிறது. பனகல் பூங்காவிலும் நடேசன் பூங்காவிலும் மரங்கள் இருக்கின்றன. கடைத்தெருவுக்கு மருமகளோடு போனால், அவர்கள் புடவை எடுக்கிற நேரம் உங்களுக்குப் பறவை நேரம்.

அடையாறுதான் பெரிய விருந்து. அங்கே 1882-லிருந்து பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. சுமார் 260 ஏக்கர். அங்குள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் அடிமரம் 1989-இல் புயல்காற்றில் சாய்ந்தது. ஆனால் விழுதுகள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. வெளியாரை விடும் நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்க. அடையாறு ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், திரு.வி.க. பாலத்தின் பக்கம் தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் சேற்றில் உள்ளான்கள் மேயும். சிவந்த நீளக் காலோடு பவளக்காலி நிற்கும். கார்த்திகை, மார்கழியில் வடநாட்டிலிருந்தும் கடல் கடந்தும் வலசை வருகிற பறவைகள் சேரும். குப்பை கொட்டிக் கெட்டுப்போயிருந்த அடையாறு உப்பங்கழியின் ஒரு பகுதியில் 58 ஏக்கரைச் சீர்செய்து, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். இன்னும் தெற்கே போனால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதற்கு 2022-இல் ராம்சார் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது.

தனியாகப் போகத் தயக்கமா? சென்னையில் 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இருக்கிறது. பெரியவர், சிறுவர் சேர்ந்து பறவை பார்க்கப் போவார்கள். அவர்களுக்கு நூலறிவு அதிகம் இருக்கலாம். ஆனால் ஆட்காட்டி எந்த வரப்பில் முட்டை வைக்கும், கரிச்சான் எந்த மாட்டின் முதுகில் சவாரி போகும் என்பதை நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு போங்க. "எங்க தாத்தாவுக்கு எல்லாப் பறவையும் தெரியும்" என்று அவன் சொல்லும்போது, சென்னை வீடும் உங்களுக்குச் சொந்த வீடாகிவிடும்.

பயிருக்கு என்ன லாபம்?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். கரிச்சானைப் பத்து நிமிஷம் எண்ணிப் பார்த்தீர்கள் அல்லவா? அது இறங்கிப் பிடித்ததெல்லாம் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, புழு. நம் பயிரின் எதிரிகள். ஆனால் அது உட்கார உயரமான இடம் வேண்டும். நடுவயலில் இடம் இல்லாவிட்டால் வரப்போரத்துக் கம்பியோடு நின்றுவிடும். அதற்குத்தான் வேளாண்மைத் துறையினர் பறவை தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். 'டி' எழுத்து மாதிரி குச்சி கட்டி, பயிருக்கு மேல் தலை நீட்டும்படி ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடலாம். காசு கொடுத்து வாங்க வேண்டாம், வேலியில் வெட்டிய குச்சியே போதும். கதிர் பால் பிடிக்கும் நேரம் எடுத்துவிடுங்க. இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிகள் அதில் உட்காரும்.

பகலில் கரிச்சான் உட்கார்ந்த அதே குச்சியில் ராத்திரி கூகை உட்காரும். கூகை என்றால் பலருக்குப் பயம். "வீட்டு மேலே கத்தினா ஆகாது" என்று கல்லால் அடிக்கிறோம். அதன் எச்சிலைப் பார்த்தால் உண்மை தெரியும். கூகை எலியை முழுசாக விழுங்கும். ஜீரணம் ஆகாத ரோமத்தையும் எலும்பையும் கட்டை விரல் பருமனில் உருண்டையாகக் கக்கிவிடும். பாழும் கட்டடத்தின் கீழே அந்த உருண்டை கிடக்கும். குச்சியால் பிரித்துப் பாருங்க. எலியின் மண்டை ஓடும் பல்லும் தெரியும். நம் நெல்லைத் தின்ற எலி அது! இப்போது சொல்லுங்க, கூகை வந்தால் ஆகாதது நமக்கா, எலிக்கா? எலிக்கு விஷம் வைக்கிறவர்கள் செத்த எலியை வரப்பில் விடாமல் எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்க. இல்லாவிட்டால் அதைத் தின்று நம் காவல்காரனும் சாவான்.

எல்லாப் பறவையும் உழவனுக்கு நண்பன் என்று நான் சொல்ல மாட்டேன். கிளி கதிரைக் கடிக்கும். மயில் நிலக்கடலையைக் கிளறும் தொல்லை பல மாவட்டங்களில் பெரிசு. அதற்கு விஷம் வைத்தால் குற்றம், கடுமையான தண்டனை உண்டு. எந்த வாரம் வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை வருகிறது என்று உங்கள் நோட்டில் இருந்தால், காவலுக்கு ஆள் வைப்பதையும் திட்டமாகச் செய்யலாம், வனத்துறையிடம் நஷ்டத்தைச் சொல்லும்போதும் தேதியோடு பேசலாம்.

எண்ணி எழுதியதால் வந்த நன்மை

"எண்ணி எழுதி என்ன ஆகப் போகுது?" என்பவர்களுக்கு ஒரு சம்பவம். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1980-களில் பிணந்தின்னிக் கழுகுகளையும் அவற்றின் கூடுகளையும் எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். 1990-களின் பின்பகுதியில் மறுபடி எண்ணியபோது பெரும்பகுதி காணோம். பழைய கணக்கு இருந்ததால்தான் அழிவு தெரிந்தது. தேடிப் பார்த்தார்கள். மாட்டுக்குப் போடும் டைக்ளோபினாக் என்ற வலி ஊசிதான் காரணம் என்று 2004-இல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போனது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்திய அரசு தடை செய்தது. மாட்டுக்கு வலி ஊசி தேவைப்பட்டால் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்க. அது கழுகுக்குக் கெடுதல் செய்யாது.

உங்கள் நோட்டும் அப்படிப் பயன்படலாம். 2015-லிருந்து பொங்கல் நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' தமிழ்நாட்டில் நடக்கிறது. குறைந்தது 15 நிமிஷம் நின்று பார்த்து எண்ணி, 'இ-பேர்ட்' என்ற இலவச இணையதளத்தில் பதிய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதிந்து கொடுப்பார்கள்.

செய்யக்கூடாதது

கூட்டைத் தொடாதீங்க, முட்டையை எடுக்காதீங்க. உண்டிவில், கண்ணி வேண்டாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முக்கியமாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வரப்பில் நடக்காதீங்க! காலடியில் பாம்பு இருக்கலாம், பக்கத்தில் கிணறு இருக்கலாம். நின்று பாருங்க, பார்த்த பிறகு நடங்க.

நம் முன்னோர் காட்டிய வழி

கடைசியாக ஒன்று. சென்னைக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே பறவைகளை முதலில் காப்பாற்றியது சர்க்கார் இல்லை, அந்த ஊர் உழவர்கள். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவையின் எச்சம் தண்ணீரில் கரைந்து வயலுக்கு உரமாகப் பாய்வதை அவர்கள் கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க உத்தரவு தந்தார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று அதற்குப் பெயர். யோசித்துப் பாருங்க. பறவையை உற்றுப் பார்த்த உழவன், எச்சத்திலே உரத்தைப் பார்த்தான்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஐந்து பறவை, கால் மணி நேரம், ஒரே இடம். பார்த்ததை அன்றைக்கே எழுதுங்க. ஒரு மாதம் செய்து பாருங்க. மாசக் கடைசியில் உங்கள் நோட்டில் இருபது பறவையாவது சேர்ந்திருக்கும். அடுத்த தடவை சென்னைக்குப் போகும்போது திரும்பிவர மகன்தான் டிக்கெட் எடுத்துத் தர வேண்டியிருக்கும், நீங்களாகக் கிளம்ப மாட்டீங்க!